எத்தனை பேர், பேமிலியா?

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஐந்தருவி நெரிசலில் தலையைக் கொடுத்து ஒருவழியாகக் குளித்துவிடலாம். அந்தப் பசியோடு ஒன்பது பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. அன்றைக்கு நாங்கள் ஒன்பது பேர்: அம்மா, அத்தை, அண்ணன், மதினி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான், என் கணவர், என் மகள். அண்ணன் ஓர் ஆட்டோக்காரரிடம் கேட்டான்: "பேமிலியோட போற மாதிரி நல்ல கடை எங்க இருக்கு?"

எத்தனையோ முறை கேட்ட கேள்விதான். அன்று ஏனோ அது மனதில் தைத்துக்கொண்டது. கடை நல்லதா என்று அவன் கேட்கவில்லை, பேமிலிக்கு நல்லதா என்று கேட்டான். அவனும் நண்பர்களும் இரவு பத்து மணிக்குப் பிரானூர் பார்டருக்கு வண்டியை விடும்போது இப்படி யாரிடமும் விசாரிப்பதில்லை. பரோட்டாவும் நாட்டுக்கோழியும் காடையும் ருசியாக இருந்தால் அவர்களுக்கு அது நல்ல கடை. பழைய திருவிதாங்கூர் எல்லை அந்தப் பக்கம் இருந்ததால்தான் அதற்குப் பார்டர் என்று பெயர். 1956இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தபிறகு எல்லை மலைப்பக்கம் நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் கடைப்பலகைகளில் தங்கிவிட்டது. பேமிலி என்று வரும்போது மட்டும் ருசி இரண்டாவதாகிவிடுகிறது. குடித்தவர்கள் இருக்கக் கூடாது, கழிப்பறை வேண்டும், தனி அறை வேண்டும்.

ஆட்டோக்காரர் சொன்ன கடை தென்காசிப் பாதையில் இருந்தது. போய்ச் சேர்ந்ததும் அண்ணனும் என் கணவரும் "டீசல் போட்டுட்டு வந்துருதோம்" என்று கிளம்பினார்கள். டீசல் போட முக்கால் மணி நேரம் ஆனது. பாக்கு மென்றுகொண்டு திரும்பி வந்தார்கள். அதுவரை ஈரத் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பசியில் அழுத பிள்ளைக்கு நேந்திரம் சிப்ஸ் கொடுத்துச் சமாளித்தபடி நாங்கள் வாசலில் நின்றோம். அவர்கள் வராமல் சாப்பிட உட்காரலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

லண்டனில் இருக்கும் தோழி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு பப்புக்குப் போவதைப் பற்றிச் சொல்வாள். பாட்டி, பேரன், கைக்குழந்தை எல்லாம் ஒரே மேசையில். சுட்ட இறைச்சி, உருளைக்கிழங்கு. அப்பாவின் பீர் அதே மேசையில், எல்லோர் கண்முன்னால். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் குடிக்கு ஒரு கட்டடம், குடும்பத்துக்கு இன்னொரு கட்டடம். 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை டாஸ்மாக் நடத்துகிறது. அதை ஒட்டிய பார்கள் ஆண்களின் இடம் என்று எழுதி வைக்காமலே எல்லோருக்கும் தெரியும். மற்ற கட்டடமாவது பெண்களுடையதா என்பதுதான் என் கேள்வி.

அங்கேயும் அந்த ஒரே மேசை சும்மா வந்துவிடவில்லை. லண்டனில் பத்திரிகைக்காரர்களின் தெருவான ஃபிளீட் தெருவில் எல் வினோ என்ற மதுக்கடை இருந்தது. ஆண்கள் முகப்பில் நின்று கேட்டு வாங்கிக் குடிக்கலாம். பெண்கள் பின்னறைக்குப் போய் மேசையில் உட்கார்ந்தால்தான் பரிமாறுவார்கள். டெஸ் கில் என்ற வழக்கறிஞரும் ஆனா கூட் என்ற பத்திரிகையாளரும் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்று, 1982இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். பின்னறையில் நாற்காலி இருந்தது, பரிமாற ஆள் இருந்தது. முகப்பில் நிற்பதைவிட அது வசதி என்றுகூடச் சொல்லலாம். அந்த வசதி அவர்கள் கேட்டு வந்ததா என்பதுதான் வழக்கே.

நம் கடைகளின் குடும்ப அறையும் வசதிதான். அன்று மாடியில் எங்களுக்குக் கிடைத்த அறையில் மின்விசிறி ஓடியது, கதவில் திரைச்சீலை தொங்கியது. அம்மா உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். ஈரத் தலையை விரித்து உதறினாள். "இங்கன்னா நிம்மதியா திங்கலாம்ட்டீ" என்றாள். எல்லோர் இலையிலும் சால்னாவை அவளே எடுத்து ஊற்றினாள். பரிமாறுகிறவர் "நான் வைக்கேன்ம்மா" என்று இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை.

அவளுடைய ஞாயிறு எனக்குத் தெரியும். காலையில் கறி வாங்கிக்கொண்டு அப்பா வருவார். மசாலா அரைத்து, குழம்பு வைத்து, பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்து, எல்லோரும் தூங்கப் போனபின் சட்டியை வழித்து அவள் சாப்பிட மூன்று மணி ஆகிவிடும். பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போராடி 1890இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றுத் தந்தார். அது அடுப்படிவரை வந்துசேரவில்லை. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் கூலியில்லாமல் அதற்குச் செலவிடும் நேரம் ஒரு நாளைக்கு 299 நிமிடம். வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு 97. அப்படி உழைத்தவள் திரைச்சீலைக்குப் பின்னால் காலை நீட்டி உட்காரும்போது, "இந்த அறை உன்னை ஒதுக்குகிறது" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? (அந்தச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்த பெண்கள் கொல்லைப்புறப் படியில் இருந்தார்கள். அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.)

ஆனாலும் தனித்தனியாக உட்காரவைத்துச் சோறு போடுவது என்னவென்று இந்தத் தாமிரபரணிக் கரைக்குத் தெரியும். இங்கிருந்து திருநெல்வேலி போகிற ரயில் சேரன்மாதேவி வழியாகத்தான் போகிறது. அங்கே வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி என்று தெரிந்தபோது, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. இரண்டு பிள்ளைகள் தனியாகச் சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று அன்றும் கேட்டார்கள். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. தனிப்பந்தியில் சாதித் திமிர் இருந்தது. குடும்ப அறையில் இருப்பது அக்கறை என்றே எல்லோரும், கடைக்காரரும்கூட, மனதார நம்புகிறார்கள். அதனால்தான் அதை எதிர்த்துப் பேச வாய் வரமாட்டேன் என்கிறது.

யாரிடமிருந்து எங்களைக் காக்கிறது அந்தத் திரைச்சீலை? கீழே உட்கார்ந்திருக்கும் ஆண்களின் பார்வையிலிருந்து. பார்க்கிறவர்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. பார்க்கப்படுகிறவள் மாடி ஏற வேண்டும். ஏறுவதற்கும் பேமிலி என்ற சீட்டு வேண்டும்.

அது எனக்கு உறைத்தது அப்பா இறந்தபிறகுதான். அவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆண்டுக்கொருமுறை நேர்காணலுக்காக, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட, அம்மா ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறித் தென்காசி கருவூலத்துக்குப் போவாள். முதல் வருடம் வேலை முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. அவளுக்குச் சுகர் வேறு. பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடைக்குள் போயிருக்கிறாள்.

"எத்தனை பேரும்மா?"

"நான் மட்டுந்தான்."

"மேல பேமிலிக்கு மட்டும்தாம்மா. பார்சல் கட்டித் தரட்டா?"

கடைக்காரர் மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கீழே இடமும் இருந்திருக்கிறது. "ஆம்பளையளா இருந்தாவட்டீ, அவிய மத்தியில எப்படி இருந்து திங்கது?" என்றாள். பார்சலை வாங்கிக்கொண்டு, பிரித்துச் சாப்பிட இடமில்லாமல், அப்படியே ஆலங்குளம்வரை பஸ்ஸில் வந்து, வீட்டில் சாப்பிடும்போது மணி நாலு. அதன்பிறகு தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்க் காசி விசுவநாதர் கோயில் வாசலோரம் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தாள். மாதாமாதம் அவள் கணக்கில் விழும் பணத்தின் பெயர் குடும்ப ஓய்வூதியம்.

நாற்பது வருடம் அவளால்தான் எங்கள் வீட்டுக்குப் பேமிலி என்ற பெயரே. அவளை அழைத்துக்கொண்டு போனதால்தான் அண்ணனுக்கு மாடியில் அறை கிடைத்தது. தனியாக வந்தபோது அவளுக்குக் கிடைக்கவில்லை. கல்லூரி விட்டு வரும் இரண்டு மாணவிகளுக்கும், குடும்பம் கைவிட்ட ஒரு திருநங்கைக்கும், பீடிக் கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கும் இதே கதைதான். மாடி வேண்டாமென்றால் கீழே உட்காரலாம், அதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நிலை இருந்தால், அந்த அறை ஒரு வசதி. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் விரும்பிப் போகட்டும். அந்த நிலை இல்லாதவரை அம்மா அந்த அறையை விரும்பினாள் என்பதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? அவள் விருப்பம் பொய்யில்லை. வேறெங்கும் காலை நீட்டிப் பழக்கமில்லாதவளின் விருப்பம் அது.

அதற்காகத் தைரியமாகக் கீழே போய் உட்காரு என்று அறுபத்தெட்டு வயதில் பசியோடிருப்பவளை ஏவுவதும் சரியாகப்படவில்லை. நான் ஒருமுறை அப்படிச் சொன்னேன். "நீ பட்டணத்துல இருந்து சொல்லுதெ" என்றாள். நியாயம்தான்.

இந்த வருடம் நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். அதே கடை. கூட்டம் இல்லாத நாள் என்று மாடியைப் பூட்டியிருந்தார்கள். கீழே, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தோம். எதிர் மேசைக்காரர் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தன் இலைக்குத் திரும்பிவிட்டார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு முதல் பரோட்டாவை அவசர அவசரமாகத் தின்றாள். இரண்டாவதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "தம்பி, சால்னா இன்னும் கொஞ்சம் ஊத்தும்" என்றாள். வெளியே வந்ததும் கேட்டேன், அடுத்த வருடம் தனியாக வருவாயா என்று.

"நீ வந்தா வருவேன். இல்லேன்னா தயிர்சாதந்தான்."