அப்பா மீன்

ஏற்காடு ஏரிக்கரையில் ஒருவரைச் சந்தித்தேன். கையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. ஆனால், சாப்பிடவில்லை. பத்து வயசு மகனை அங்கே ஹாஸ்டல் பள்ளியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"சேர்த்தாச்சு சார். இனி அவன் தலையெழுத்து!" என்றார்.

நான் பி.காம்.காரன். ஆனாலும், அப்போது எனக்கு மீன் ஞாபகம் வந்தது.

'ஃபைண்டிங் நீமோ' (2003) பார்த்திருப்பீர்கள். மகனைத் தேடிக் கடலெல்லாம் அலைகிற அப்பா, கோமாளி மீன். நம் மன்னார் வளைகுடா பவளப்பாறைகளிலும் இந்த இனம் உண்டு. நிஜத்திலும் முட்டைகளைக் காப்பது அப்பாதான். ஒரு வாரம் போல, துடுப்பால் விசிறிவிட்டுக்கொண்டே காவல் இருக்கும். ஓர் இரவில் குஞ்சு பொரியும். அரிசியைவிடச் சின்னதான அவற்றை நீரோட்டம் வாரிக்கொண்டு போய்விடும். சுமார் பத்து நாள் திறந்த கடல் வாசம். பெரும்பாலானவை எதற்காவது இரையாகிவிடும்.

அப்படியானால், எல்லாம் தலையெழுத்துதானா?

விஞ்ஞானிகளும் ரொம்ப நாள் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் லிசர்டு தீவில், வேறொரு சின்ன மீனின் ஒரு கோடி முட்டைக் கருக்களுக்கு அடையாளம் போட்டுப் பார்த்தார்கள். 1999-ல் முடிவு வெளியானது. அங்கே குடியேறிய குஞ்சுகளில் 15 முதல் 60 சதவிகிதம்வரை அங்கேயே பிறந்தவையாக இருக்கலாம்! வளர வளரக் குஞ்சு நீந்துகிறது. பாறையின் வாசனையை மோப்பம் பிடிக்கிறது. அங்கே இறாலும் மீனும் போடுகிற சத்தம் கேட்டுத் திரும்புகிறது.

'பார்த்தீர்களா, முயற்சி திருவினையாக்கும்' என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால், அது நியாயமில்லை. கரை சேராதவை எல்லாம் சோம்பேறிக் குஞ்சுகளா? நன்றாக நீந்தியும், எதிர்நீரோட்டத்தில் சிக்கியவை எத்தனையோ! ஜெயித்தவன் நீச்சலைப் புகழ்கிறான்; தோற்றவன் நீரோட்டத்தைத் திட்டுகிறான். இரண்டு பேரும் மறந்துபோவது பாறையை.

சிதைந்த பாறையில் சத்தம் அடங்கிவிடும். குஞ்சுகளும் அதிகம் வராது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியே இரண்டு தீவுகளை மூழ்கடித்தோம். 2010-லும் 2016-லும் கடல் சூடேறி, மிச்சமிருந்த பவளங்களும் வெளுத்தன. திரும்பி வர நினைக்கிற குஞ்சுக்கு எது வீடு?

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பஜ்ஜி ஆறிப்போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போன்ல பேச விடுவாங்களாம் சார்..."

"பேசுங்க. எடுத்ததுமே மார்க்கைக் கேக்காதீங்க."

நீரோட்டம் நம் கையில் இல்லை. நீச்சல், பிள்ளையின் பாடு. பாறை நம்முடையது. உங்கள் பிள்ளை இப்போது எந்த ஊரில் மிதந்துகொண்டிருக்கிறதோ... அதன் காதுக்கு எட்டுகிற மாதிரி, வீட்டில் கொஞ்சம் சத்தம் இருக்கட்டும்!