கணக்கில் வராத கல்வெர்ட்

வளைகுடாவில் இருப்பவர்களுக்குக் ‘கேன்சல்’ என்றால் ஒரே பொருள்தான். விசாவை ரத்து செய்துவிட்டு ஒரேயடியாக ஊருக்குப் போவது. அப்படிப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நகைக்கடை, பெட்டி கட்டுவது, எடை பார்ப்பது என்று கிடக்கும் கடைசி வாரத்தில் எப்படியோ ஒரு நாளை மிச்சம்பிடித்து, அதுவரை வேலை மட்டுமே பார்த்த நாட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். மஸ்கட்டில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு நானும் ஜபல் ஷம்ஸ் மலைக்குக் கிளம்பினேன். “சோறு போட்ட மண்ணு, பாத்துட்டுத்தான் போகணும்” என்றார்கள் அறையில்.

சோறு போட்டது மண்தானா? செஞ்சோற்றுக்கடன் என்று நாம் கர்ணனை வைத்துப் பேசுகிறோம். ஆனால் கர்ணன் பெற்றது கூலி அல்ல. சபையே அவன் பிறப்பைக் கேட்டு நின்றபோது துரியோதனன் கொடுத்த மதிப்பு அது. திருப்பிக் கொடுக்க வழியில்லாததால்தான் கடன். மாதச் சம்பளம் அப்படியா? நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். போகிறவர்களுக்கு செட்டில்மென்ட் போடுவது என் வேலை. 2023இல் புதிய தொழிலாளர் சட்டம் வரும்வரை, முதல் மூன்று வருடங்களுக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு மாதம். நன்றி என்று ஒரு வரி அதில் கிடையாது, தேவையும் இல்லை. 2021க்கு முன்பு, பழைய முதலாளியின் என்ஓசி இல்லாமல் போனவர் வேறு முதலாளியிடம் வேலைக்கு வர இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அப்படிக் கட்டிப்போட்ட இடத்தில் விசுவாசத்தையும் கேட்பது கொஞ்சம் அதிகம். யாருக்கும் கடன் இல்லை என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி.

கூட வந்தவர் என் அறையில் மூத்தவர். இருபத்திரண்டு வருடமாக ரோடு ரோலர் ஓட்டுகிறவர். மஸ்கட்டிலிருந்து நிஸ்வா சுமார் 160 கிலோமீட்டர். வழிநெடுகப் பழுப்பு மலைகள். நான் மலையைப் பார்த்தேன், அண்ணன் சாலையைப் பார்த்தார். 1970இல் இந்த நாட்டில் தார்ச்சாலை மொத்தமே பத்துக் கிலோமீட்டர்தான் என்பார்கள். நிஸ்வா தாண்டி ஓரிடத்தில், “தம்பி, மெதுவா போ” என்றார். “இந்தக் கல்வெர்ட்டு நாங்க போட்டது. ரெண்டு தடவ வாதி வந்து அடிச்சிட்டுப் போயிருச்சு. மூணாவது தடவ பைப்பைப் பெரிசாக்கிப் போட்டோம். இப்ப நிக்குது பாரு.” கொஞ்சம் தள்ளி ஒரு முள்மரம். கோடையில் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வெளிவேலை கூடாது என்பது விதி. அந்த மூன்று மணி நேரமும் அதன் நிழலில்தான் படுத்திருந்தார்களாம்.

உழைப்பைக் கலந்த பொருள் உழைத்தவனுக்கு உரியது என்றார் ஜான் லாக். அதே இடத்தில், தன் வேலைக்காரன் வெட்டிய புல்தரை தன்னுடையது என்றும் சொல்லிவிட்டார்! கூலி வாங்கியவனுக்கு அதற்குமேல் பேச்சில்லை. என் செட்டில்மென்ட் தாளும் இதையேதான் சொல்கிறது. நாம் நாட்டுக்கு எதுவும் பாக்கி இல்லை என்று நான் வாதாடினால், நாட்டில் நமக்கும் எதுவும் பாக்கி இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கேதான் எனக்கு இடறுகிறது.

ஜபல் ஷம்ஸ் சுமார் 3000 மீட்டர். உச்சி ராணுவத்தின் வசம், போக முடியாது. நாங்கள் நடந்தது அல் கதீமிலிருந்து பள்ளத்தாக்கின் விளிம்போடு போகும் ஆட்டுப்பாதையில். ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒன்றுமே இல்லை. எனக்கு முழங்கால் நடுங்கியது. அண்ணன் வரப்பில் நடப்பதுபோல் போனார். பாதை முடியும் இடத்தில் ஆளில்லாத ஒரு கிராமம்: பாறைக்கூரைக்கு அடியில் கல்வீடுகள், கீழே அடுக்கடுக்காகப் படிவயல்கள்.

“இவங்க ஏன் போனாங்க?”

“பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கீழ வந்துருச்சுல்ல. ரோடும் வந்துருச்சு.”

“அப்ப நாங்க ரோடு போட்டதுனால போயிட்டாங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. ஊரைவிட்டுப் போய்விட்டாலும் அதன் பெயர் இன்றும் சாப் பனீ கமீஸ். அங்கே வாழ்ந்த குலத்தின் பெயர். வந்து பார்த்தால் எங்கள் ஊர் என்பார்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். பதாக்காவைத் திருப்பிக் கொடுத்த பிறகு அண்ணன் இங்கே வரவேண்டுமென்றால் டூரிஸ்ட் விசா எடுக்கவேண்டும்.

திரும்பும்போது கல்வெர்ட் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். சிறுநீர் கழிக்க என்றுதான் நினைத்தேன். சரிவில் இறங்கி, ஒரு பைப்பின் வாயில் சிக்கியிருந்த முள்கிளையையும் பிளாஸ்டிக் சாக்கையும் இழுத்து வெளியே போட்டார். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“வாதி வந்தா அடைச்சுக்கும். நீ வண்டிய எடு.”