பெயர் சொல்லும் பொறுப்பு

திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அப்பால், அல்லிக்குழி மலைத்தொடரில் குடியம் குகைகள் உள்ளன. முட்புதர்களும் குறுமரங்களும் அடர்ந்த காட்டின் ஊடே நடந்துதான் அவற்றை அடைய வேண்டும். ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், நம் பங்கு இளைஞர் சிலருடன் அவ்வழியே சென்றோம். அவர்களுள் பெரும்பாலோர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் முறைவேலை செய்பவர்கள். இருளர் குலத்து மூதாட்டி ஒருவர் வழிகாட்டியாக முன்னே நடந்தார்.

வழியில் கறையான் புற்று ஒன்றின் அருகே வெண்குடைகள் கொத்தாக முளைத்திருந்தன. மூதாட்டி குனிந்து ஒன்றைத் தோண்டி எடுத்தார். அதன் தாள் மண்ணுக்குள் வேர்போல் நீண்டு இறங்கியிருப்பதைக் கண்டபின், "புற்றுக்காளான்" என்று சொல்லி மடியில் கட்டிக்கொண்டார். இன்னும் சிறிது தொலைவில், புல்வெளி ஒன்றில், அதனினும் பெரிய வெண்குடைகள் நின்றன. "இதுவும் அதுதானே, பாட்டி?" என்று இளைஞர் ஒருவர் ஆவலுடன் கேட்டார். மூதாட்டி நெடுநேரம் பார்த்தார். "இது எனக்குத் தெரியாது, தம்பி. தெரியாததை அடுப்பில் ஏற்றக் கூடாது" என்றார்.

அதுவரை வழியிலிருந்த செடி கொடிகளுக்கெல்லாம் தயங்காமல் பெயர் சொல்லி வந்தவர் அவர். அந்த ஒரு காளானுக்கு மட்டும் பெயர் சொல்ல மறுத்தது நம்மைச் சிந்திக்க வைத்தது. ஒன்றிற்குப் பெயரிடுவது வெறும் அறிவுச் செயலா? அல்லது நன்மை தீமையைச் சார்ந்த ஒரு பொறுப்பும் அதில் உண்டா?

காளானின் இயல்பைச் சற்று நோக்கினால் விடையின் ஒரு பகுதி கிடைக்கிறது. நாம் காணும் குடை, காளானின் முழு உடல் அன்று. மண்ணுக்குள் நூலிழைகளாகப் பரந்திருக்கும் ஓர் உயிர் வித்துத்தூள் பரப்புவதற்காகச் சில நாள் வெளியே நீட்டும் உறுப்பே அது. புற்றுக்காளானைக் கறையான்களே புற்றினுள் வளர்க்கின்றன. தாம் தின்று கழித்த மரத்தூளையும் சருகையும் கூடுபோல் அடுக்கி, அதன்மேல் அப்பூஞ்சையைப் பயிர்செய்து உண்கின்றன. மழை பெய்து மண் நெகிழும்போது, அந்த நிலவறைத் தோட்டத்திலிருந்து குடைகள் மேலெழுகின்றன. மூதாட்டி தாளின் நீளத்தைத் தோண்டிப் பார்த்ததன் காரணம் இதுவே. டெர்மிட்டோமைசிஸ் என்று அறிவியலார் வழங்கும் இவ்வினத்திற்கு அது தக்க அடையாளம்.

புல்வெளிகளில் முளைக்கும் வெண்குடைகளுள் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக்காளானும் உண்டு. இளமையில் அதன் குடையின் கீழுள்ள மடிப்புகள் வெண்மையாகவே இருக்கும். முதிர்ந்தபின்தான் பச்சை சாயும். அதை உண்டோர் கடும் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புறுவர். வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு என்பது போன்ற நம்பிக்கைகள் எவையும் உண்மையல்ல. 2022 ஏப்ரலில் அசாம் மாநிலத்தில் காட்டுக்காளான் சமைத்துண்ட பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். பழகிய பெயரைப் பழகாத பொருளின்மேல் ஏற்றியதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. ஆகவே மூதாட்டியின் "தெரியாது" என்னும் சொல்லை அறியாமை என்று கொள்ளலாகாது. தம் அறிவின் எல்லையை அறிந்து, அவ்வெல்லையில் நின்றுகொண்ட நேர்மை அது.

இதே நேர்மை கற்றறிந்தோரின் முறையிலும் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராப்பினாட் உலர்தாவரகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மத்தியூ (1930–2004), தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய பெருந்தொகுதிகளை 1981 முதல் 1988 வரை வெளியிட்டார். உலர்தாவரகம் என்பது, செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, எடுத்த இடம், நாள், எடுத்தவர் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் கருவூலம். இன்ன பேரினம் என்று மட்டும் தெரிந்து, எந்த இனம் என்று தெளியாவிடில், அறிஞர் அவ்விடத்தை நிரப்பாமல் விட்டுவிடுவார். பின்வருவோர் அதை நிரப்பக்கூடும். அவரது பணிக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு முன்பே, 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மறைப்பணியாளர் ராட்லர், சோழமண்டலக் கரையின் செடிகளைத் தொகுத்ததோடு தமிழ் – ஆங்கில அகராதி ஒன்றையும் உருவாக்கினார். செடியையும் சொல்லையும் ஒரே பொறுமையோடு ஆராய்ந்தவர் அவர்.

"செடியின் பெயரை அறிவதால் யாருக்கு என்ன பயன்? பன்னிரண்டு மணிநேரம் உலையருகே நின்று வீடு திரும்புபவனுக்கு இது தேவைதானா?" என்று நம் இளைஞருள் ஒருவர் கேட்டார். நியாயமான வினா. இதற்கு விடை தேட, அதே காட்டுவழியில் தவக்காலத்தில் மீண்டும் ஒருமுறை நடந்தோம். மாசி மாத வெயிலில் அழிஞ்சில் மரம் இலை முழுதும் உதிர்த்து, வெறுங்கிளையெங்கும் வெள்ளைப் பூவாய் மணந்துகொண்டிருந்தது. ஐப்பசியில் அதே மரத்தின் அருகில் நின்றுதான் நாம் இளைப்பாறினோம். அப்போது அது நமக்கு வெறும் "புதர்". பெயர் அறிந்தபின் அதை மறுமுறை தேடிச் சென்றோம். வினாத் தொடுத்த இளைஞரே அதை முதலில் கண்டு பெயர் சொல்லி அழைத்தார். பெயர் தெரியாததை நாம் தேடுவதில்லை. அது இல்லாமற்போனாலும் அறிவதில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கியதற்கும் இத்தகைய அன்பே காரணமாயிருக்கக்கூடும். தொடக்க நூலில் முதல் மனிதனுக்கு இறைவன் அளித்த பணிகளுள் ஒன்று, உயிரினங்களுக்குப் பெயரிடுவது என்பதையும் இங்கு நினைவுகூர்கிறோம்.

ஆயினும் பெயர் காக்கவும் வல்லது, அழிக்கவும் வல்லது. சோழமண்டலக் கரையோரத்தின் இயற்கைக் காடு உலர் பசுமைமாறாக் காடு எனப்படும். உலக்கைப்பாலை, வீரை, நீலப்பூப் பூக்கும் காயா முதலியன அதன் மரங்கள். மழை குறைவாயினும் ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும் இக்காடு உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலும், புதுவை அருகே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டிலும் அதன் எச்சங்கள் நிற்கின்றன. வெட்டுண்டு, மேயப்பட்டுச் சிதைந்த இடங்களில் அது முட்புதராகக் குறுகியிருக்கிறது. மத்திய அரசின் நிலவளத் துறை 2000 முதல் பல பதிப்புகளாக வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பில், புதர்நிலமும் தரிசின் ஒரு வகையாகவே எண்ணப்பட்டுள்ளது. தரிசு என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலத்தை எடுத்துக்கொள்ளும்போது எவர் மனமும் உறுத்துவதில்லை. கும்மிடிப்பூண்டியின் ஆலைகள் நம் இல்லங்கள் பலவற்றில் அடுப்பெரிய வைக்கின்றன. அவை வேண்டா என்பது நம் கருத்தன்று. ஆனால் ஓரிடத்தில் ஆலை எழுமுன், அங்கே இருப்பது இன்னதென்று உண்மைப் பெயரைச் சொல்லியபின் முடிவெடுக்கக் கடமைப்பட்டுள்ளோம். நாம் அறியாமலே மறைந்துபோகும் உயிரினங்களைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் கவலை தெரிவிப்பதும் இக்கடமையை நினைந்தே.

தவறான பெயரின் கொடுமை செடியோடு நிற்பதில்லை. இம்மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்த இருளர் குடும்பங்கள் பலமுறை மீட்கப்பட்டுள்ளன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனால் "முன்பணம் வாங்கிய வேலையாள்" என்ற பெயர் அடிமைத்தனத்தை அக்கம்பக்கத்தார் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. "எழுத்தறியாதவர்" என்ற பெயர் அவர்களது அறிவை மறைக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் மலைப்பாம்பு பிடிக்கக் கற்றுத்தர 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். 2023இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர். அவர்களது அறிவு அதற்கு முன்பும் அவர்களிடம் இருந்தது. அதை அறிவு என்று அழைக்க நாம்தான் தாமதித்தோம்.

குடியத்திற்கு அண்மையிலுள்ள அத்திரம்பாக்கத்தில், 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தனர். அவற்றுள் மிகத் தொன்மையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் நிறுவினர். எத்தனையோ தலைமுறையினர் அவற்றைக் கூழாங்கற்கள் என்றெண்ணி மிதித்துக் கடந்திருப்பர். நின்று பார்க்கும் பொறுமை உடையவர் வந்தபோதுதான் அவை தம் பெயரைப் பெற்றன.

அன்று அந்தப் பெரிய வெண்குடைகளுள் ஒன்றை எடுத்துவந்தோம். காம்பை நீக்கிக் குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி, இரவு முழுதும் வைத்தோம். வித்துத்தூள் உதிர்ந்து காளான் தன் நிறத்தைத் தானே எழுதிக் காட்டும் எளிய சோதனை இது. காலையில் தாளில் மங்கிய பச்சை வட்டம் ஒன்று பதிந்திருந்தது. மூதாட்டி நம்மைத் தடுத்திராவிடில் அந்த இரவு வேறுவிதமாகக் கழிந்திருக்கும்.

செடிக்கும் நிலத்திற்கும் மனிதருக்கும் நாள்தோறும் நாம் பெயர் சூட்டிக்கொண்டே இருக்கிறோம். அத்தனை பெயர்களையும் ஓர் இரவேனும் தாளின்மேல் கவிழ்த்துவைத்துப் பார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும். அதுவரை, "எனக்குத் தெரியாது" என்று அந்த மூதாட்டியைப்போல் வெட்கமின்றிச் சொல்லப் பழகுவோம்.