பெயரிடுதற்கு ஓர் உயிர்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லையூர்களில் மழை தொடங்கியதும் தென்னையடியிலும், ரப்பர்த் தோட்டத்துச் சருகிலும், வீட்டுத் திண்ணையிலும் ஊர்ந்து வரும் மரவட்டையை அறியாதார் இலர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆகவே இங்கு ஒரே முற்றத்தில் ஊரும் ஓர் உயிருக்கு ஒரு வீட்டில் மரவட்டை என்றும், அடுத்த வீட்டில் தேரட்ட என்றும் பெயர். இரண்டும் பொதுப்பெயர்களே. அவற்றின் கீழ் எத்தனை இனங்கள் அடங்கும் என்பது ஊரார் கேளாத கேள்வி. கோலொவாட்சு, வெசனர் என்னும் இருவர் 2016-இல் வெளியிட்ட பட்டியல், இந்தியாவில் குறைந்தது 270 இனங்கள் உள என்றது. 2021-இல் இரிஞ்சாலக்குடா கிறிஸ்து கல்லூரி ஆய்வாளரும் அக்கோலொவாட்சும் சேர்ந்து கேரளத்திலிருந்து மேலும் இரண்டு புதிய இனங்களை விவரித்தனர்.

ஒரு மரவட்டையைப் புதிய இனம் என்று நிறுவுவது எவ்வாறு? நிறமும் நீளமும் போதா. பெரும்பாலான மரவட்டைகளில் ஆணின் ஏழாம் வளையத்துக் கால்கள் நடப்பதற்கு அன்றிப் புணர்ச்சிக்கு உரியனவாக உருமாறியிருக்கும். இனத்துக்கு இனம் வேறுபடுவது அவ்வுறுப்பின் வளைவும் முனையுமே. அதனைக் காண ஆண் ஒன்றைப் பிடித்துச் சாராயத்தில் இட்டுக் கொன்று, உறுப்பைப் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து வரைதல் வேண்டும். பின்னர் அவ்வுடல் மூலச்சான்றாக ஒரு புட்டியில் காக்கப்படும். விலங்குகளுக்குப் பெயரிடும் உலகவிதி அதனைக் கோருகின்றது. நம் நாட்டின் 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டமும், புதிதாய்க் கண்ட உயிரின் சான்றுடலை அதற்கென அமைந்த காப்பிடத்தில் ஒப்படைக்கச் சொல்கின்றது.

இனி வினாவுக்கு வருவோம். உயிர்க்கொலை நீங்குதல் பஞ்சசீலத்துள் முதலாவது. அதனை மேற்கொண்ட ஒருவர் இத்தொழிலைச் செய்யலாமா?

கொலை என்னும் குற்றம் நிறைவுற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்று உரையாசிரியர் வகுத்துள்ளனர். உயிர் ஒன்று இருத்தல், அது உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் அது இறத்தல் என்பன அவை. பெயரிடுவோர் செயலில் இவ்வைந்தும் குறைவற உள்ளன. சிற்றுயிரைக் கொல்வதில் குற்றம் சிறிது, பேருயிரைக் கொல்வதில் பெரிது என்று அதே உரைகள் கூறுவது உண்மையே. எனினும் சிறிது என்பது இன்மை அன்று.

சக்குபாலத் தேரர் கதையை இங்கு நினைத்தல் தகும். கண்ணிழந்த அவர் மழைக்குப் பின் உலாவிய இடத்தில் சிற்றுயிர்கள் பல மிதிபட்டு மாண்டன. அது கண்டு குறைகூறிய பிக்குகளுக்குப் புத்தர், அவர் அவற்றைக் காணவில்லை, கொல்லும் எண்ணமும் அவருக்கில்லை என்று விடையிறுத்தார். தேரர் காணாது பலவற்றை மிதித்தார். பெயரிடுவோரோ உலகில் வேறெவரும் காணாத நுட்பத்தோடு கண்டு ஒன்றைக் கொல்கின்றார். இவ்விருவருக்கும் இடையில் மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் கண்ணுடையவர், திண்ணையில் ஏறிய மரவட்டைகளின்மேல் மண்ணெண்ணெய் தெளித்துக் கூட்டித் தள்ளுபவர். அவற்றைத் தனித்தனியே அவர் பார்ப்பதில்லை. அறிவியலாரின் புட்டியைக் கண்டு முகம் சுளிக்கும் நம்மில் பலர் இம்மூன்றாம் வகையினரே என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மை ஆகாது. ஆயினும் ஒருவர் குற்றத்தால் மற்றொருவர் குற்றம் கழிவதில்லை.

பெயரிடுவோர் தரப்பில் வலிய வாதம் ஒன்றுண்டு. உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட மரவட்டை இனங்கள் 12,000-க்கு மேல். உள்ளவை 80,000 வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். இவை விரைந்து இடம்பெயராதன ஆகலின், பல இனங்கள் ஒரு மலைச்சரிவுக்குள்ளேயே வாழ்ந்து முடிகின்றன. தாசுமேனியாவின் குளிர்மழைக் காடுகளை உடைய தீவில் ராபர்ட் மெசிபோவ் என்பவர் ஒருவரே நூற்றுக்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிட்டார் என்றால், நெய்யாறு பிறக்கும் அகத்தியமலைத் தொடரில் பெயரின்றி எத்தனை வாழுமோ! (1868 மீட்டர் உயர்ந்த அம்மலையின் முனிவர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என 11-ஆம் நூற்றாண்டு வீரசோழியம் கூறுவதை நம் வாசகர் அறிவர்.) காடு அழியும்போது பெயரற்ற இனம் இழப்புக் கணக்கில் ஏறுவதே இல்லை. இறந்த ஒன்றின் பெயரால் வாழ்கின்ற பல காக்கப்படலாம் என்பது வாதம்.

இவ்வாதத்தை மறுத்தல் எளிதன்று. ஆனால் அதில் ஒரு மறைவு உண்டு. சாராயத்தில் துடிப்பது ஓர் உயிர். காக்கப்படுவதாகச் சொல்லப்படுவது ஓர் இனம். இனத்துக்கு வலியில்லை. தேர் என்பது சக்கரமும் அச்சும் அல்ல, வழக்கில் வந்த பெயரே என்று நாகசேனர் மிலிந்தனுக்கு விளக்கினாரே, இனமும் அத்தகைய பெயர்தான். (தேரட்ட என்னும் சொல்லில் தேர் ஒலிப்பது ஒரு வேடிக்கை.) மேலும் பெயர் என்பது பொருளின் இயல்பைக் கூறும் என்பதற்கும் உறுதியில்லை. தமிழகத்துக் கூரைவீடுகளில் மிகுந்து காணும் மரவட்டை ஒன்றுக்கு 1775-இல் பாபிரிசியசு இட்ட ‘கார்னிபெக்சு’ என்னும் இலத்தீன் பெயருக்குக் கொலைத்தண்டம் நிறைவேற்றுவோன் என்பது பொருள். மக்கிய இலைதழையை உண்டு மண்ணை வளர்க்கும் உயிருக்கு இப்பெயர்! ஆயிரங்கால் என்னும் பெயரும் 2021 வரை பொய்யாகவே இருந்தது. அவ்வாண்டில் மேற்கு ஆத்திரேலியாவில் நிலத்தடியிலிருந்து 1306 கால்களுடைய இனம் ஒன்று விவரிக்கப்பட்ட பின்னரே அது மெய்யாயிற்று.

கொல்லாது பெயரிட இயலாதா எனின், சில இடத்து இயலும். அருணாச்சலத்தில் ரமணா ஆத்ரேயா 2006-இல் புகுன் லியோசிக்லா என்னும் பறவையை விவரித்தபோது, மிகச் சிலவே உள்ளன என்று கருதி, இறகும் ஒளிப்படமும் குரற்பதிவும் கொண்டு பறவையைப் பறக்கவிட்டார். 2015-இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்று ஒளிப்படத்தைக் கொண்டே பெயர் பெற்றது. அதன் பின்னர் படம் மட்டும் போதாது என்று நானூற்றுக்கு மேற்பட்ட அறிஞர் மறுப்பில் கையொப்பமிட்டனர். மரவட்டைக்குப் படம் போதாது என்பதை மேலே கண்டோம். ஆகவே இங்குக் கொலையை முற்றும் விலக்கின், பெயரையும் பெரும்பாலும் விலக்கவேண்டும்.

பிக்கு ஒருவர் இத்தொழிலை மேற்கொள்ளார், அதில் ஐயமில்லை. இல்லறத்தார் மேற்கொள்வாராயின், அறிவுக்காகச் செய்தது கொலையாகாது என்று தம்மை ஏமாற்றிக்கொள்ளாதிருத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு. கொலை என்று அறிந்தவர் கை தயங்கும். ஓர் ஆண் போதுமான இடத்தில் முப்பதை வாரார். முட்டையிடும் காலத்தில் சருகைக் கிளறார். பொருட்காட்சிச்சாலைகளில் முன்னோர் பிடித்துவந்த உடல்கள், ஊரும் நாளும் எழுதிய சீட்டோடு, பெயர் பெறாமலே புட்டிகளில் கிடப்பதுண்டு. புதிய இனங்கள் பல அவற்றிலிருந்தே கண்டறியப்பட்டுள்ளன. காட்டுக்குப் புறப்படுமுன் அவர் அப்புட்டிகளை முதலில் திறந்து பார்ப்பார்.