வேண்டாமையை விற்றல் கூடுமா?

பொருளாசையைத் துறக்குமாறு கூறும் போதனை தானே ஒரு விலைப்பொருளாக வந்து சேருமாயின், அதற்கு அறவலிமை உண்டா? சிறுவர்க்கென ஆக்கப்படும் இன்றைய அறிவியற் கற்பனைச் சித்திரங்களை நோக்குவோர்க்கு இவ்வினா எழாமற் போகாது. 2008ஆம் ஆண்டிலே பிக்ஸார் நிறுவனம் ஆக்கி, டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘வோல்-ஈ’ இதற்கு வாய்ப்பான எடுத்துக்காட்டாகும். அன்ட்ரூ ஸ்ரான்ரன் நெறிப்படுத்திய இப்படத்தில், மாந்தர் வாங்கி வாங்கி எறிந்த குப்பையால் பூமி வாழத்தகாததாகிறது. அவர்கள் விண்கப்பலேறி, எழுநூறு ஆண்டுகளாக மிதக்கும் நாற்காலிகளிற் சாய்ந்து கிடந்தவாறு, யாவற்றையும் விற்கும் ஒரே வாணிக நிறுவனத்தின் விளம்பரங்களைப் பார்த்திருக்கின்றனர். கைவிடப்பட்ட பூமியிலோ குப்பையை அமுக்கிக் கட்டிகளாக அடுக்கும் சிறுபொறி ஒன்று தனியே உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒஸ்கார் பரிசும் பெற்ற அச்சித்திரத்தின் நாயகனாகிய இப்பொறி, பிளாஸ்ரிக் பொம்மையாகவும் கடைகளுக்கு வந்தது. 2012இல் வெளியான ‘லோராக்ஸ்’ படத்திலே மரங்களின் பொருட்டு வாதாடும் பாத்திரம், மோட்டார் வாகன விளம்பரத்திலும் தோன்றிற்று!

இதனை வெறும் போலித்தனம் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், கூறுவோனது ஒழுக்கத்தாற் கூற்றின் மெய்மை மாறுவதில்லை என்பது தருக்கநூல் பயிலத் தொடங்குவோரும் அறிந்ததே. கட்குடியன் கள் தீது என்றால், அதனாற் கள் நன்றாகிவிடாது. எனினும் கலை என்பது கூற்று மட்டுமன்று. அது உணர்ச்சியைப் பழக்குவதுமாகும். தனியே உழைக்கும் பொறிக்காகக் கண்கலங்கிய பார்வையாளன், தன் கடமை முடிந்ததெனக் கருதிக் கொட்டகையை விட்டு வெளியேறுகிறான். இருக்கையின் கீழே அவன் அருந்திய குவளை கிடக்கிறது. குறைபாடு இங்கேதான் உளது.

கொழும்புத்துறையிலிருந்து நோக்குங்கால் இவ்வினா வேறு முகங்கொள்கிறது. அவ்வூரிலே சிறு குடிலொன்றிற் பல்லாண்டு வாழ்ந்து 1964இல் மறைந்தவர் யோகசுவாமிகள். கற்றோரும் பதவியினரும் தேடி வந்தபோதும் அவர் குடில் குடிலாகவே இருந்தது. அதே ஊர், 1990இன் பின் குடாநாடு முழுவதையும் வாட்டிய பொருளாதாரத் தடையின்போது வேறொரு எளிமையையும் கண்டது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அருகியமையாற் சிறு போத்தல்களிற் பஞ்சுத்திரியிட்டு விளக்கேற்றினர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். முன்னையது வேண்டாமை, பின்னையது கிடையாமை. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், அறநோக்கில் அவற்றிடையே பெருந்தூரம் உண்டு. தெரிவு செய்யும் உரிமை இல்லாவிடத்து நுகராமையைப் பண்பென்று போற்றுவது, பட்டினி கிடந்தவனை நோன்பிருந்தான் என்று புகழ்வதற்கு ஒப்பாகும். போர் முடிந்து பாதைகள் திறந்தபின் குடாநாட்டுக் கடைகளிற் பொருள்கள் நிறைந்தன. பனையோலைப் பெட்டி இருந்த கையிற் பொலித்தீன் பை ஏறிற்று. இதற்காக அம்மக்களைக் கடிந்துரைக்கும் தகுதி, என்றுமே எதையும் இழந்தறியாதவர்க்கு இல்லை.

ஆயினும் தடைக்காலம் ஒன்றுமே கற்பிக்கவில்லை என்பதும் பொருந்தாது. படத்தைக் கூர்ந்து நோக்கின், வோல்-ஈ பொருளைத் துறந்த துறவியல்லன் என்பது புலனாகும். அவன் குப்பையினின்று தீமூட்டியையும் கரண்டியையும் வண்ணக் கட்டையையும் பொறுக்கியெடுத்துத் தன் இருப்பிடத்திற் பேணுகிறான். தன் உறுப்பு பழுதாயின் செயலிழந்த பொறிகளின் உறுப்பைக் கழற்றிப் பொருத்திக்கொள்கிறான். உண்மையிற் பொருள்களை நேசிப்பவன் அவனே. விண்கப்பலில் உள்ளோர் எப்பொருளையும் நேசித்தவரல்லர். விளம்பரம் நீலம் என்றால், அணிந்திருந்த சிவப்பை அக்கணமே நீலமாக மாற்றிக்கொள்வோர் அவர்கள். நுகர்வுப்பண்பு பொருட்பற்றின் மிகுதி எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இப்படமோ, அறிந்தோ அறியாமலோ, அதனைப் பொருட்பற்றின் இன்மையாகக் காட்டுகிறது. பழைய வண்டியின் ரியூபை ஒன்பதாம் முறையும் ஒட்டிக் கொடுத்த திருத்துநருக்கு இவ்வுண்மையை விளக்கப் படம் எதுவும் தேவைப்பட்டிராது.

படத்தின் பெருங்குறை வேறோரிடத்தில் உளது. அதிலே மாந்தர் அனைவரும் ஒரே அளவில் நுகர்ந்தவர்; ஒரே அளவிற் குற்றமுடையர்; ஒரே கப்பலில் இன்பங் காண்பவர். கப்பலேற வசதியற்றோர் என்னவாயினர் என்னும் வினா அங்கு எழுவதேயில்லை. வெளியேற இயன்றோர் வெளியேறவும் இயலாதோர் எஞ்சவும் கண்ட ஒரு சமூகம் இவ்வினாவை எளிதிற் கடந்து செல்லாது. பொருளை நுகர்பவன் ஓரிடத்திலும், அதன் கழிவைச் சுமப்பவன் பிறிதோரிடத்திலும் இருப்பதே உலக வழக்கம். 2021இல் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்னும் சரக்குக் கப்பல் கொழும்புக்கு அப்பாலுள்ள கடலில் எரிந்தபோது, அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலிற் கலந்து இலங்கையின் மேலைக்கரையில் ஒதுங்கின, மீன்பிடி தடைசெய்யப்பட்டது. தொழிலிழந்த மீனவர் அம்மணிகளை வாங்கியவருமல்லர், விற்றவருமல்லர்.