தொடாமல் அறிய முடியுமா?

ஒரு பொருளைத் தொட்ட கணத்திலேயே அது மாறிவிடுமானால், நாம் அறிந்தது அப்பொருளையா, அன்றி நமது தொடுகையின் விளைவையா? இது வெறும் தர்க்க விளையாட்டன்று. புறவுலகை மனிதன் உள்ளபடி அறியக்கூடுமா என்ற வினாவே இதில் அடங்கியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏர்ணஸ்ட் மாக், புலன்களுக்கு எட்டாத அணுக்களைக் கணக்கிற்கு உதவும் கற்பிதங்களாகவே கருதினார். அவரது தத்துவத்தை லெனின் 1909 இல் வெளியான தமது நூலிற் கடுமையாக மறுத்தார். அவ்விவாதம் தொடர்பாக இன்றைய ஆய்வுகூடம் கூறுவது சிந்திக்கத்தக்கது.

வலிமைமிக்க லேசர்த் துடிப்பொன்று மூலக்கூறின்மீது பாயும்போது, அதன் மின்புலம் ஓர் இலத்திரனைப் பறித்தெடுக்கிறது. மின்புலத்தின் திசை மாறியதும் அதே இலத்திரன் திருப்பி விரட்டப்பட்டு, தான் பிரிந்து வந்த மூலக்கூறிலேயே மோதிச் சிதறக்கூடும். இலத்திரனுக்கு அலைத்தன்மையும் உண்டு. ஆதலால், அவ்வாறு சிதறும் இலத்திரன்களின் கோணங்களையும் வேகங்களையும் கொண்டு அணுக்களிடையேயுள்ள தூரத்தைக் கணிக்கலாம்.

2012 இல் அமெரிக்காவின் ஒகையோ, கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இம்முறையால் ஒட்சிசன், நைதரசன் மூலக்கூறுகளை அளந்தனர். இலத்திரனை இழந்த ஒட்சிசனின் பிணைப்பு, ஏறத்தாழ 5 பெம்டோ செக்கனில், சுமார் 0.1 அங்ஸ்ட்ரம் குறுகியிருந்தது. ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கை மேலும் பத்து இலட்சமாகப் பகுத்தால் வருவதே ஒரு பெம்டோ செக்கன். பிணைப்பைத் தளர்த்தி நின்ற இலத்திரன் நீங்கவே அணுக்கள் நெருங்கின. நைதரசனிலோ அத்தகைய மாற்றம் காணப்படவில்லை.

இங்கேதான் அறியொணாவாதிக்கு விடை கிடைக்கிறது. கண்டதெல்லாம் நமது தலையீட்டின் விளைவே என்றால், ஒரே முறையால் தொடப்பட்ட இரண்டும் ஒரே விடையைத் தந்திருக்க வேண்டும். தரவில்லை. வேறுபாடு நமது கையிலன்று, பொருளிலேயே இருக்கிறது. தலையீடு உண்மையை அழிப்பதில்லை. அதனைக் கணக்கிற் சேர்க்காமல் விடுவதே உண்மையை அழிக்கிறது.

சமுதாயத்தை ஆராய்வோருக்கும் இது பொருந்தும். எதனையும் தொடாது விலகி நின்று பார்ப்பதாகக் கூறும் ‘நடுநிலையாளர்’, தமது தொடுகையை மறைப்பவரே. வகுப்பறையில் நாம் கேட்கும் கேள்விகூட மாணவனை மாற்றுகிறது. மூலக்கூறுக்கு வலியில்லை, மனிதனுக்கு உண்டு. ஆகவே மனிதரிடையே அறிவைத் தேடுவோர், தாம் விளைத்த மாற்றத்தை அளந்தால் மட்டும் போதாது. அதற்குப் பொறுப்பும் ஏற்கவேண்டும்.