கடவுளின் செயலும் கூரையின் வயதும்

வானத்திலிருந்து விழுந்த ஆலங்கட்டி ஒரு வீட்டின் கூரையை உடைத்தால் அந்த இழப்பு யாரைச் சேரும் என்ற கேள்வி, காப்பீட்டு ஒப்பந்தத்தின் ஓர் உட்பிரிவைப் புரட்டிப் பார்த்தால் தீர்ந்துவிடக்கூடியது போலத் தோன்றினாலும், அதன் அடியில் சமயச் சிந்தனை நெடுங்காலமாகச் சுமந்துவரும் வேறொரு கேள்வி கிடக்கிறது: காரணம் காண முடியாத துன்பத்தை எவர் கணக்கில் எழுதுவது? ஆங்கிலச் சட்டம் இத்தகைய துன்பத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. மனிதக் கை எதுவும் படாமல், முன்னறிந்து தடுக்கவும் இயலாமல், இயற்கையின் ஆற்றலால் மட்டுமே நேர்ந்த கேட்டை அது 'கடவுளின் செயல்' என்று அழைக்கிறது; 16ஆம் நூற்றாண்டின் ஷெல்லி வழக்கிலேயே ஆளப்பட்ட இத்தொடர் இன்றும் நீதிமன்றங்களில் உயிரோடு இருக்கிறது. தமிழில் 'தெய்வச் செயல்' என்பதும் 'தெய்வாதீனம்' என்பதும் பெரும்பாலும் தப்பிப் பிழைத்ததைச் சொல்லும்போதே வாயில் வருகின்றன. பேருந்து கவிழ்ந்தும் காயமின்றி வந்தவரைப் பற்றித்தான் அப்படிச் சொல்கிறோம். ஆங்கிலச் சட்டமோ அழிவை மட்டுமே கடவுளின் பெயரில் பதிவுசெய்கிறது. ஒரே சொற்பொருள் இரு மொழிகளில் இப்படி எதிரெதிர்த் திசையில் நடந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

இத்தொடரைப் பற்றிப் பரவலான ஒரு தவறான எண்ணத்தை முதலில் விலக்க வேண்டும். கடவுளின் செயலால் நேர்ந்த சேதத்துக்குக் காப்பீடு பணம் தராது என்று பலர் நம்புகின்றனர். ஆனால் அமெரிக்க வீட்டுக் காப்பீட்டுப் பத்திரங்களில் காற்றும் ஆலங்கட்டியும் ஈடுதரும் இடர்களாகப் பெயர் சொல்லியே குறிக்கப்படுவது பொதுவழக்கம். 'கடவுளின் செயல்' என்ற வாதம் உண்மையில் பயன்படுவது வேறிடத்தில்: ஒருவருடைய இழப்புக்கு இன்னொருவர் பொறுப்பா என்று வழக்கு எழும்போது, பொறுப்பு எந்த மனிதருக்கும் இல்லை என்று சொல்வதற்காகவே அது எழுப்பப்படுகிறது. கடவுளைக் குற்றவாளியாக்குவது அதன் நோக்கமன்று. அண்டை வீட்டாரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதே நோக்கம்.

சமய நூல்களில் ஆலங்கட்டி இவ்வளவு நடுநிலையாக வருவதில்லை. விவிலியத்தின் யாத்திராகமத்தில் பார்வோனின் நாட்டைத் தாக்கிய பத்து வாதைகளில் ஏழாவது வாதை கல்மழை. எகிப்து முழுவதும் அது பெய்ய, இஸ்ரயேலர் வாழ்ந்த கோசேன் பகுதியில் மட்டும் பெய்யவில்லை என்று அந்நூல் கூறுகிறது. அதே அதிகாரத்தில் வாசகர் கண்ணில் எளிதில் படாத இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, கல்மழை வருமுன் எச்சரிக்கை தரப்பட்டதும், அதை நம்பிய எகிப்தியர் தம் வேலையாட்களையும் கால்நடைகளையும் கூரைக்குள் கொண்டுவந்து காத்ததும். மற்றொன்று, மழை ஓய்ந்தபின் வரும் சேதக் குறிப்பு: கதிர்விட்டிருந்த வாற்கோதுமையும் சணலும் அழிந்தன என்றும், பின்பருவத்தில் விளையும் கோதுமை தப்பியது என்றும் அது பிரித்துச் சொல்கிறது. இறைத்தண்டனையைச் சொல்லவந்த நூல்கூட, எது உடைந்தது, எது உடையவில்லை, அப்போது பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்று கணக்கெடுக்கத் தவறவில்லை. இன்றைய சேத மதிப்பீட்டாளர் கூரைமேல் ஏறிச் செய்வதும் இந்தக் கணக்கெடுப்பையே.

கல்மழை தண்டனை என்றால், தண்டிக்கப்பட்டவர் பாவி என்றாகிறது. இந்த முடிவைத் தகர்ப்பதற்காகவே விவிலியத்திலுள்ள யோபுவின் நூல் எழுதப்பட்டது எனலாம். பெருங்காற்று வீட்டை இடித்துப் பிள்ளைகளைக் கொன்றபின், குற்றம் செய்யாதவனுக்கு இப்படி நேருமா என்று நண்பர்கள் யோபுவையே குடைகின்றனர். இறுதியில் சூறைக்காற்றின் நடுவிலிருந்து பேசும் இறைவன், கல்மழையின் பண்டசாலைகளை நீ பார்த்திருக்கிறாயா என்ற பொருள்படக் கேட்கிறார். யோபு ஏன் துன்பப்பட்டான் என்பதற்கு அந்தப் பேச்சில் விளக்கமே இல்லை. நண்பர்கள் சொன்ன விளக்கம் பிழை என்பது மட்டும் தெளிவாகச் சொல்லப்படுகிறது. சமயம் துன்பத்தைப் பற்றிச் சொன்னவற்றுள் இதைவிட நேர்மையான சொல் இருப்பது அரிது.

ஆனால் மக்கள் காரணமின்றி வாழ உடன்படுவதில்லை. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோன் நகரப் பேராயராக இருந்த அகோபார்ட், ஆலங்கட்டியையும் இடியையும் பற்றியே தனி நூல் எழுதினார். மந்திரக்காரர் கல்மழையை எழுப்புகின்றனர் என்றும், அடிபட்ட விளைச்சலை மேகக் கப்பல்களில் வருவோர் 'மகோனியா' என்னும் நாட்டுக்கு ஏற்றிச் செல்கின்றனர் என்றும் அக்கால மக்கள் நம்பினர். அக்கப்பல்களிலிருந்து விழுந்தவர்கள் என்று கட்டிவைக்கப்பட்டுக் கல்லெறிபட இருந்த நால்வரை அவர் காத்தார். அவர் மிகுந்த வேதனையோடு பதிவுசெய்த இன்னொரு செய்தியும் உண்டு: கல்மழையைத் தடுத்துத் தருவதாகச் சொன்னவர்களுக்கு உழவர் விளைச்சலில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அளந்தனர், திருச்சபைக்குரிய பங்கையும் கைம்பெண்களுக்கும் அனாதைகளுக்கும் உரிய தருமத்தையும் கேட்டாலும் தராதவர்கள் இதைக் கேளாமலே தந்தனர். வராத மழைக்கு முன்கூட்டியே கட்டிய இந்தத் தொகையைப் பிரீமியத்தின் மூதாதை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது பிழை. அந்தப் பணம் கேட்டைத் தடுப்பதாகப் பொய் சொன்னவரிடம் போய்ச் சேர்ந்தது. கேடு வந்தபோது அடிபட்டவருக்குத் திரும்பி வரவில்லை.

காரணம் தேடும் வெறி இதனினும் கொடிய வடிவம் எடுத்தது. 1562ஆம் ஆண்டு தென்மேற்கு ஜெர்மனியில் பெய்த கடும் கல்மழைக்குப் பின் வீசன்ஸ்டைக் என்ற சிற்றூரில் 63 பெண்கள் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டனர். அதற்கு முன்பே, 1539இல், யோகன்னஸ் பிரென்ஸ் என்ற லுத்தரன் போதகர், கல்மழை இறைவனிடமிருந்தே வருகிறது, அதை எழுப்பும் ஆற்றல் எந்தப் பெண்ணுக்கும் இல்லை என்று பிரசங்கம் செய்திருந்தார். 'கடவுளின் செயல்' என்ற சொல்லுக்கு உயிர்காக்கும் பொருள் இருந்தது இங்கேதான்: கடவுளின் செயல் என்றால் எதிர்வீட்டுக் கிழவியின் செயல் அன்று. ஆயினும் பிரென்ஸ்கூட, சூனியம் செய்ய எண்ணியவர்கள் அந்த எண்ணத்துக்காகத் தண்டனைக்குரியவர்களே என்று கருதினார் என்பதை மறைக்கக் கூடாது.

இப்பின்னணியில்தான் காப்பீடு என்ற ஏற்பாட்டின் சமயப் பெறுமதியை எடைபோட வேண்டும். 1797இல் ஜெர்மனியின் நாய்பிராண்டன்பர்க் நகரில் கல்மழைச் சேதத்துக்கென்று ஒரு பரஸ்பரச் சங்கம் தொடங்கப்பட்டது. பரஸ்பரச் சங்கம் என்பது உறுப்பினர்கள் தாமே பணம் போட்டு, தமக்குள் அடிபட்டவருக்குத் தாமே ஈடுசெய்யும் அமைப்பு. கல்மழை யார் பாவத்தால் வந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. யார் வயல் எவ்வளவு அழிந்தது என்று மட்டும் கேட்டனர். 63 பெண்களைக் கொன்ற கேள்வி அந்தப் பேரேட்டில் இடம்பெறவில்லை என்பதே மனித ஒழுக்கத்தில் பெரிய முன்னேற்றம்.

இருந்தும், காப்பீடு செய்வது இறைவன்மேல் அவநம்பிக்கை அல்லவா என்ற ஐயம் பக்தர்களிடம் நெடுநாள் இருந்தது. பழைய முறைமை ஆமிஷ் கிறித்தவர்கள் வணிகக் காப்பீட்டை இன்றும் பெரும்பாலும் ஏற்பதில்லை. அவர்களுள் ஒருவருடைய களஞ்சியம் எரிந்தாலோ கூரை பறந்தாலோ சபையார் சொத்துக்கேற்பப் பங்கு போட்டுப் பணம் திரட்டுகின்றனர், ஆட்கள் கூடிச் சில நாட்களில் கட்டியும் தருகின்றனர். இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் ஆட்சேபம் வேறு வகையானது: பணம் கட்டுபவர் என்ன பெறுவார் என்பது தெரியாத 'கரர்' என்னும் நிச்சயமின்மையும், சூதாட்டத்தின் சாயலும், வட்டியும் வணிகக் காப்பீட்டில் கலந்திருப்பதை அவர்கள் சுட்டினர், 1985இல் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, வணிகக் காப்பீட்டை மறுத்துக் கூட்டுறவு முறையை ஏற்றது. இந்தக் கூட்டுறவு முறையே 'தகாஃபுல்' என்று வழங்குகிறது. இவ்விரு மரபுகளும் மறுப்பது முன்னேற்பாட்டை அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவனை நம்பு என்ற பொருளுடைய நபிமொழி தகாஃபுலை ஆதரிப்போர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது. சுமையை உறவாகப் பகிர்வதா, சரக்காக விற்பதா என்பதே அவர்களுடைய வினா. ஸ்காட்லாந்தின் போதகர்கள் 1744இலேயே தம் கைம்பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக முறையான கணக்கீட்டோடு ஒரு நிதியம் அமைத்தனர். திருச்சபையின் ஊழியர்களே இதைச் செய்தபின், முன்னேற்பாடு அவநம்பிக்கை என்ற வாதம் நிற்க இடமில்லை.

கேள்வியின் கூர்மையான முனை இனித்தான் வருகிறது. அது கூரைமேலேயே இருக்கிறது. 2017 மே 8ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் பகுதியில் பெய்த ஆலங்கட்டி ஏறத்தாழ 230 கோடி டாலர் காப்பீட்டு இழப்பை உண்டாக்கியது. லேக்வுட் என்ற ஊரில் ஒரு பெரிய வணிக வளாகம் கூரை உடைந்து பல மாதம் மூடிக் கிடந்தது. அந்நாட்டு வீடுகளின் கூரை பெரும்பாலும் 'ஷிங்கிள்' என்னும் தகடுகளால் ஆனது. கண்ணாடி இழைப் பாயில் தார் ஏற்றி, மேலே கற்குருணை பதித்து, மீன்செதில் போல அடுக்கி ஆணியடிப்பார்கள். ஆலங்கட்டி விழுந்த இடத்தில் குருணை உதிர்ந்து கறுப்புத் தார் தெரியும். விரலால் அழுத்தினால் அடிபட்ட பழம்போல மெத்தென்று இருக்கும். மதிப்பீட்டாளர் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சதுரம் ஒன்றைச் சாக்பீஸால் வரைந்து, அதற்குள் எத்தனை அடி என்று எண்ணுகிறார். அதே நேரத்தில் அவர் இன்னொன்றையும் பார்க்கிறார்: குருணை ஆலங்கட்டியால் உதிர்ந்ததா, இருபது கோடைகளின் வெயிலால் உதிர்ந்ததா?

காப்பீட்டுப் பத்திரம் ஆலங்கட்டிக்கு ஈடுதரும், தேய்மானத்துக்குத் தராது. திடீரென்று வரும் கேடு பொதுச்சுமை, மெல்ல வரும் கேடு உடையவர் சுமை என்ற இந்தப் பிரிவினை ஆழமான தத்துவப் பிரிவினை. காலம் எல்லோருடைய கூரையையும் தின்கிறது. அதில் பகிர்வதற்கு ஒன்றுமில்லை. ஆலங்கட்டியோ குறுகிய பட்டையாகப் பெய்து ஒரு தெருவை உடைத்து அடுத்த தெருவை விட்டுவிடும். கோசேனின் புதிர் ஒவ்வொரு புயலிலும் திரும்ப நிகழ்கிறது. எவர் தகுதியையும் பாராமல் விழுவதால்தான் அதைப் பகிர்வது நீதியாகிறது.

இந்தப் பிரிவினை எங்கே கலங்குகிறது என்பதை ஒரு கணக்கு காட்டும். கூரையைப் புதிதாகப் போட 15,000 டாலர் ஆகும், அது 20 ஆண்டு உழைக்கும், வயது 15 ஆண்டு என்று கொள்வோம். தேய்மானம் கழித்த நடப்பு மதிப்பு 3,750 டாலர். வீட்டுக்காரர் தாமே ஏற்க வேண்டிய முதல் பங்குக்கு 'டிடக்டிபிள்' என்று பெயர். அது 3,000 டாலர் என்றால், நடப்பு மதிப்பை மட்டும் தரும் பத்திரத்தில் அவர் கைக்கு வருவது 750 டாலர். புதுவிலை தரும் பத்திரத்திலோ, வேலை முடிந்தபின் மீதி 11,250 டாலரும் வந்து சேரும். முதல் வகையில் ஏழை வீட்டுக்காரர் ஒழுகும் கூரையின் கீழ் நிற்கிறார். இரண்டாம் வகையில் பழைய கூரை உடையவருக்கு ஆலங்கட்டி வரமாகிவிடுகிறது. கேடு வரவேண்டும் என்று மனம் விரும்பத் தொடங்கும் இந்த இடத்தில்தான் சமயம் காப்பீட்டைப் பற்றிக் கவலைப்பட நியாயம் இருக்கிறது.

அந்த விருப்பம் கையை நீட்டுவதும் உண்டு. உருண்டைத் தலைச் சுத்தியலால் ஷிங்கிளைத் தட்டி ஆலங்கட்டித் தழும்பைப் போலி செய்யும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இயற்கையின் அடி சிறிதும் பெரிதுமாகச் சிதறி விழும், புகைபோக்கி மூடியிலும் மழைநீர்த் தகரத்திலும் பள்ளம் விடும். மனிதனின் அடி ஒரே அளவாக, கைக்கு எட்டும் வட்டத்துக்குள் விழும், தகரத்தை மறந்துவிடும். தன் செயலைக் கடவுளின் செயல் என்று கையொப்பமிடும் இந்தப் பொய், கடவுளின் பெயரை வீணில் வழங்குவது என்பதன் நேர்ப்பொருளாகவே படுகிறது. அதைவிடச் சிறியதாகத் தோன்றும் பொய், டிடக்டிபிளைத் தாமே விழுங்கிக்கொள்வதாக ஒப்பந்தக்காரர் சொல்லி, பட்டியலில் விலையை ஏற்றி எழுதுவது. வீட்டுக்காரர் அதில் அமைதியாக உடன்படுகிறார், சுமை முகமறியாத மற்ற சந்தாதாரர்மேல் ஏறுகிறது.

நேர்மை ஒருவழிக் கடன் அன்று. 1766இல் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு காப்பீட்டின் நன்னம்பிக்கைக் கோட்பாட்டை வகுத்தபோது, மறைக்கக் கூடாது என்ற கடமையை இருதரப்பாருக்கும் விதித்தார். உலோகக் கூரையில் பள்ளம் விழுந்தும் ஒழுகவில்லை என்றால் அது வெறும் தோற்றக் குறை, ஈடு இல்லை என்று பத்திரத்தின் ஒரு மூலையில் எழுதிவைத்து, விற்கும்போது அதைச் சொல்லாமல் விடும் நிறுவனமும், புதுத் தழும்பைப் பழைய தேய்மானம் என்று எழுதும் மதிப்பீட்டாளரும், சுத்தியல்காரரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியவர்களே.

மேலே சொன்ன டிடக்டிபிள் பொய்யைச் சட்டமும் தொட்டிருக்கிறது: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2019 செப்டம்பர் 1 முதல், ஒப்பந்தக்காரர் டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வதைக் குற்றமாக்கியது. புதுவிலையின் மீதித் தொகையைத் தருமுன், வீட்டுக்காரர் தம் பங்கைச் செலுத்தியதற்கான சான்றைக் காப்பீட்டு நிறுவனம் அங்கே கேட்கலாம்.